சுண்டெலிக்குச் சளி பிடித்தது

சுண்டெலி என்று கூப்பிட்டால் ஒல்லியாக ஒருத்தி மூலையிலிருந்து எட்டிப் பார்ப்பாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நல்ல ஆகிருதியான பெண். லிஃப்டில் அவள் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் தாமாகவே சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் வாண்டுகள் முதல் வாசல் காவலாளி வரைக்கும் அவளுக்குச் சுண்டெலி என்றுதான் பெயர். தொலைக்காட்சியில் சாயங்காலம் வருகிற கார்ட்டூனில், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியபடியே பேசும் சுண்டெலிக்குக் குரல் கொடுப்பவள் அவள்தான். திரையில் ஓடுவது எலி, மூச்சு வாங்குவது இவள்.

அந்த மூச்சில்தான் சிக்கல். சுண்டெலிக்கு ஆஸ்துமா. நேற்று இன்று வந்ததல்ல, பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவளிடம் இரண்டு இன்ஹேலர்கள் உண்டு. பழுப்பு நிறத்தில் ஒன்று. இளைப்பு இருக்கிறதோ இல்லையோ, காலையும் ராத்திரியும் இழுக்க வேண்டியது. நெஞ்சுக்குள் இருக்கும் காற்றுக் குழாய்கள் வீங்காமல் அது பார்த்துக்கொள்ளும். இன்னொன்று நீலம். இளைப்பு வந்தால் அந்த நேரத்துக்கு இழுப்பது, சுருங்கின குழாயை உடனே விரித்துவிடும். நீலத்தின் மேல் அவளுக்கு உயிர். இழுத்த கையோடு நெஞ்சு லேசாகிவிடுமே! பழுப்பைக் கண்டால் ஆகாது. அது எப்போது வேலை செய்கிறது என்றே தெரியாது. அதுகூடப் பரவாயில்லை, அதை இழுத்தால் தொண்டை கட்டிக்கொள்கிறது. கீச்சுக் கீச்சென்று பேச வேண்டிய சுண்டெலி பெருச்சாளி மாதிரி கரகரக்கிறது.

அதனால் அவளாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். ஒலிப்பதிவு இல்லாத மாதங்களில் பழுப்பு உண்டு. ஒலிப்பதிவு தொடங்கிவிட்டால் அது அலமாரிக்குள் போய்விடும், எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே வரும். டாக்டரிடம் கேட்டாளா என்றால், கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார், அப்புறம் எதற்குக் கேட்பது? பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அவள் கணவர் மட்டும் தினமும் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்பார்.

"இழுத்தியா?"

"ஆச்சு, ஆச்சு. நீங்க கிளம்புங்க."

பச்சைப் பொய். அவளும் கண்ணைச் சிமிட்டாமல்தான் சொல்வாள். வாய்தானே அவளுக்குத் தொழில்!

ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்த ஆஸ்துமா விஷயம் ஈ காக்கைக்குத் தெரியாது. தெரியவே கூடாது என்பதில் அவள் கண்ணும் கருத்துமாக இருந்தாள். அதே கார்ட்டூனில் பூனைக்குக் குரல் கொடுத்தவர் ஒருமுறை தொண்டை ஆபரேஷன் என்று லீவு கேட்டார். தாராளமாகப் போய்விட்டு வாருங்கள் என்று பழக்கூடை கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால் பூனை வேறொருவர் தொண்டையில் குடியேறியிருந்தது. அந்த மனிதர் படியிறங்கிப் போன கோலத்தை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். நமக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டினாள். சுண்டெலி அவளுக்கு வெறும் சம்பாத்தியம் இல்லை. இந்த உடம்புக்குள்ளிருந்து அப்படியொரு குட்டிக் குரலா என்று நாலு பேர் வாயைப் பிளப்பது அதனால்தான். அதுவும் போய்விட்டால் தான் வெறும் குண்டுப் பொம்பளை, வேறென்ன என்று அவள் நினைத்தாள். இப்படி நினைத்ததற்கு அவளை நாம் திட்டலாம். ஆனால் அவள் அப்படித்தான் நினைத்தாள்.

கார்ட்டூனின் புதுக் கதை வரிசைக்கு ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்த நேரம் பார்த்துச் சளி வந்தது. எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை. பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகள் தும்முகிற தும்மலெல்லாம் டிரைவர் சட்டையில் ஏறித்தான் வீட்டுக்கு வரும். முதலில் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிந்தார். அவரைக் கூடத்தில் படுக்கச் சொல்லி விரட்டினாள். அவர் குடித்த டம்ளரைத் தனியாக வைத்தாள். கை கழுவிக் கழுவி அவள் விரலெல்லாம் சுருங்கிப்போனது. ஒன்றும் பலிக்கவில்லை. அவருக்குச் சரியான அன்றைக்கு இவளுக்குத் தொண்டை அரித்தது.

"டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா?" என்றார்.

"சளிக்கு ஒரு டாக்டரா? உங்களுக்கு வந்துச்சு, போச்சு. எனக்கும் அப்படித்தான்."

"எனக்கு மூக்கோட போயிடும்மா. உனக்கு நெஞ்சுக்கு இறங்கிடுமே."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அவர் சும்மா இருந்துவிட்டார். நாள் முழுக்க அறுபது பிள்ளைகளின் கூச்சலில் இருப்பவருக்கு, வீட்டில் ஒருத்தியை எதிர்த்துப் பேசும் தெம்பு மிச்சமிருக்காது.

அதற்காக அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வெந்நீராகக் குடித்துத் தள்ளினாள். மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். தைலத்தைப் போட்டு ஆவி பிடித்தாள், அந்த நெடிக்கே இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. மருந்துக் கடைக்குப் போய் சளி மாத்திரை, உடம்பு வலி மாத்திரை, தொண்டைக்குச் சப்புகிற மிட்டாய் என்று பை நிறைய வாங்கினாள். தனக்கு ஆஸ்துமா இருப்பதைப் பற்றிக் கடைக்காரரிடம் மூச்சு விடவில்லை. செய்ய வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தாள். பழுப்பு இன்ஹேலர் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

ஒலிப்பதிவு நடக்கும் கண்ணாடி அறை ஒரு பெரிய பீரோ அளவுதான் இருக்கும். சுவர் முழுக்கக் கம்பளித் துணி, நடுவில் மைக், வசனத் தாளை வைக்க ஒரு தாங்கி, ஒரு முக்காலி. பேசும்போது ஏசியை நிறுத்திவிடுவார்கள், அதன் இரைச்சல் மைக்கில் விழும். அந்தப் புழுக்கத்தில் நின்றுகொண்டுதான் அவள் எலியாக ஓட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் அம்மா உட்கார்ந்திருப்பார். "பிரமாதம்! இன்னும் ஒரே ஒரு டேக்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வாக்கியம். அவர் பக்கத்தில் ஒலிப்பதிவு செய்யும் பையன். அவனுக்கு அங்கே காது என்று பெயர். அடுத்த அறையில் யாராவது பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் இங்கே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிடுவான். சத்தத்துக்காகவா பிஸ்கட்டுக்காகவா என்பது வேறு விஷயம். சுண்டெலியை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

சுண்டெலிக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு நாளும் பேசி முடித்ததும், "தம்பி, ஒரு தரம் போட்டுக் காட்டேன்" என்பாள். அவன் போட்டுக் காட்டுவான். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நடிப்பைக் கவனிக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் கவனித்தது தன் நெஞ்சை. வசனத்துக்கு நடுவில் விசில் மாதிரி இளைப்புச் சத்தம் விழுகிறதா? விழவில்லை என்றால் நெஞ்சு நன்றாக இருக்கிறது, ஓட்டிவிடலாம். அத்தனை நல்ல மைக்குக்கே கேட்காத இளைப்பு என்ன பெரிய இளைப்பு! வருஷக்கணக்காக இதுதான் அவளுடைய வைத்தியப் பரிசோதனை. இப்படியொரு பரிசோதனை ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்குத்தான் தோன்றும்.

சளி வந்த பிறகும் அப்படித்தான் கேட்டாள். குரல் சுத்தமாக இருந்தது. விசில் இல்லை. "சளி மூக்கோட நிக்குது" என்று அன்று கணவரிடம் பெருமையாகச் சொன்னாள். மறுநாளும் சுத்தம். அதற்கு மறுநாள் மாடிப்படியில் பாதியில் நிற்க வேண்டியிருந்தது. ராத்திரி இருமல் தூங்கவிடாமல் தலையணையை அடுக்கிவைத்துச் சாய்ந்து உட்கார வேண்டியிருந்தது. இருந்தும் பதிவில் விசில் இல்லையே என்று தன்னைத் தானே தட்டிக் கொடுத்துக்கொண்டாள். டீ இடைவேளை வந்தால் பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு நீலத்தை இழுத்துவிட்டு வருவாள். முதலில் சாயங்காலம் வரை தாங்கியது. பிறகு மத்தியானம் வரைக்கும்தான் தாங்கியது. கடைசியில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவிலேயே பாத்ரூமுக்கு ஓட வேண்டியதாயிற்று.

"அக்கா, வயிறு ஏதும் சரியில்லையா?" என்று காது கேட்டான்.

"ஆமாப்பா, நேத்து சாப்பிட்டது ஒத்துக்கலை" என்றாள்.

அன்றைக்குப் பேச வேண்டியிருந்தது, பூனை துரத்த எலி கப்பல் தளம் முழுக்க ஓடிக்கொண்டே திட்டுகிற காட்சி. திட்டு பக்கம் முழுக்க நீளும். ஒரே மூச்சில் வந்தால்தான் சிரிப்பு. அவள் முதல் வரியைப் பேசினாள். இரண்டாவது வரியில் பாதிச் சொல்லோடு நின்றாள்.

"பிரமாதம்! இன்னும் ஒரே ஒரு டேக்" என்று டைரக்டர் அம்மாவின் குரல் ஹெட்போனில் வந்தது. "ஒரே மூச்சுல வரணும், சரியா?"

மறுபடி ஆரம்பித்தாள். நாலு சொல்லைத் தாண்ட முடியவில்லை. மூச்சை உள்ளே இழுக்கலாம், வெளியே போக மாட்டேன் என்கிறது. "ஒரு... நிமிஷம்" என்றாள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் நீலத்தை எடுத்து இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி இழுத்தாள். இழுத்த கையோடு லேசாகும் நெஞ்சு இறுகிக்கொண்டே போனது. முக்காலியில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, தாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோள்பட்டை இரண்டும் காது மடலைத் தொடுகிற மாதிரி ஏறி இறங்கின. தன் நெஞ்சு விசிலடிப்பது அவளுக்கே கேட்டது. பிறகு அந்த விசில் மெலிந்தது, இன்னும் மெலிந்தது, நின்றேபோனது. மூச்சு மட்டும் வரவில்லை.

மைக் இரண்டு பக்கமும் திறந்தேதான் இருந்தது. ஹெட்போனில் காது டைரக்டரிடம் மெதுவாகச் சொல்வது அவளுக்குக் கேட்டது.

"சரியாயிடுச்சு மேடம். சத்தம் நின்னுடுச்சு. ரெண்டு நிமிஷம் விட்டுப் பாப்போம்."

இல்லை, சரியாகவில்லை என்று கத்த வேண்டும். கத்துவதற்குக் காற்று வேண்டும். சுண்டெலிக்கு அந்த நொடி பூனைக்காரரோ வசனமோ வேலையோ நினைவுக்கு வரவில்லை. செத்துப்போகப் போகிறோம் என்று மட்டும் தோன்றியது. அதுவும் இந்த பீரோவுக்குள், சரியாகிவிட்டது என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே. தாங்கியை மைக்கோடு சேர்த்துக் கீழே தள்ளினாள். ஹெட்போனில் இடி விழுந்த மாதிரி கேட்டிருக்க வேண்டும். காது துள்ளி எழுந்து முதல் தடவையாகக் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

அதன் பிறகு டைரக்டர் அம்மாவைச் சும்மா சொல்லக் கூடாது. கதவைத் திறந்து, அவள் மடியில் கிடந்த நீலத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். போனில் இருந்தவர், படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார வையுங்கள், நீல இன்ஹேலரைக் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒவ்வொரு அழுத்தமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் டைரக்டர் "இழுங்க, இழுங்க, அவ்வளவுதான்" என்றார். இன்னும் ஒரே ஒரு தடவை என்று அவர் அன்றைக்குச் சொல்லவே இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் மாடியேறி வந்து ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து பேசுகிற நிலைக்கு வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்தார். ஆஸ்துமாக்காரர்களை மட்டும் பார்க்கிற நர்ஸ். சிரிக்காமலேயே கிண்டல் பண்ணுகிற ஜாதி.

"சளி பிடிச்சு எத்தனை நாளாச்சு?"

சொன்னாள்.

"பழுப்பு இன்ஹேலர் ஒழுங்கா எடுத்தீங்களா?"

சுண்டெலி கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற கணவரைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்த்தார். வாய் கூசாமல் பொய் சொல்கிறவளுக்கு அன்று வாய் வரவில்லை.

"எடுக்கலை. ரெக்கார்டிங் இருந்தா எடுக்க மாட்டேன். தொண்டை கட்டிக்குது."

கணவரின் முகம் தொங்கிப்போனது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நல்லா இருக்கு" என்றார் நர்ஸ். "உங்க நெஞ்சுக்குள்ள இருக்கற குழாய் ஏற்கெனவே கோபக்காரக் குழாய். சும்மா இருக்கும்போதே வீங்கும். சளி வந்தா கேக்கவே வேண்டாம். மத்தவங்களுக்கு மூக்கு ஒழுகிட்டுப் போயிடும், உங்களுக்கு நெஞ்சு அடைக்கும். அந்த வீக்கத்தை அடக்கறதுக்குன்னே ஒரு மருந்து குடுத்தா, சளி வர்ற நேரமாப் பாத்து அதைப் பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கீங்க. நீலம் வீக்கத்தைத் தொடாது. அது கதவைக் கொஞ்சம் திறந்து விடும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் நீலத்துக்கு ஓட வேண்டி வந்தா, அன்னிக்கே டாக்டர்கிட்ட வரணும். பாத்ரூமுக்கு இல்ல."

"தொண்டை கட்டினா என் பொழைப்பு போயிடுமே சிஸ்டர்."

"எப்படி இழுக்கறீங்க, காட்டுங்க."

காட்டினாள். நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"மருந்து பூரா நாக்குலயும் தொண்டையிலயும்தான் படியுது. கட்டாம என்ன செய்யும்?" என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து இன்ஹேலரின் வாயில் மாட்டினார். "இதுக்குள்ள அழுத்திட்டு, நிதானமா இழுங்க. நெஞ்சுக்குப் போக வேண்டியது நெஞ்சுக்குப் போகும். முடிச்சதும் தண்ணியால தொண்டை வரைக்கும் கொப்பளிச்சுத் துப்புங்க. அதுக்கு மேலயும் கட்டினா டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற மருந்து இருக்கு. நீங்களா நிறுத்தறதுங்கற பேச்சே கூடாது."

"இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்."

"இந்த டப்பாவை உனக்கு எப்பவோ குடுத்தாங்க" என்று கணவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நீதான் அதுல சட்டைப் பட்டனெல்லாம் போட்டு வச்சிருக்கே."

நர்ஸ் அப்போதும் சிரிக்கவில்லை. கடையில் வாங்கின வலி மாத்திரையைப் பற்றியும் விசாரித்து, சில ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்த வகையே இளைப்பைக் கிளப்பிவிடும், இனிமேல் கடையில் ஆஸ்துமா என்று சொல்லித்தான் வாங்க வேண்டும் என்று கண்டித்துவிட்டுப் போனார். தைல ஆவி பிடித்ததைச் சுண்டெலி சொன்னபோது மட்டும் அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் அவளைப் பார்க்கக் காது வந்தான். கையில் பிஸ்கட் பொட்டலம். வந்ததும் அழுதுவிட்டான்.

"சத்தம் நின்னதும் சரியாயிடுச்சுன்னு நெனச்சேங்க்கா."

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க" என்றார் நாடி பார்க்க வந்த நர்ஸ். "காத்து ஓடினாத்தான் விசில் வரும். காத்தே ஓடலைன்னா விசில் ஏது? இளைக்கறவங்க திடீர்னு அமைதியானா காதைக் கழட்டி வச்சுட்டு கண்ணால பாக்கணும் தம்பி."

அவன் தலையை ஆட்டினான். பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னான்.

"நாலஞ்சு நாளாவே விசில் இருந்துச்சுக்கா. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

சுண்டெலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இருந்துச்சா? எனக்குப் போட்டுக் காட்டினப்போ இல்லையே?"

"நான் எடுத்துட்டேன்."

"என்னது?"

"துடைச்சுட்டேன். கம்ப்யூட்டர்ல. எப்பவுமே கொஞ்சம் இருக்கும்க்கா, சளி இல்லாதப்பகூட. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு, உங்களுக்குப் போட்டுக் காட்டறதுக்கு முன்னாடியே சுத்தம் பண்ணிடுவேன். டைரக்டர் காதுல விழுந்தா உங்க வேலைக்கு ஏதாவது வந்துடுமோன்னும் பயம்."

வருஷக்கணக்காக அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது தன் நெஞ்சை இல்லை, இவன் துடைத்து வைத்த நெஞ்சை. பிறகு வந்தது பாருங்கள் கோபம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். உன்னை யார் கேட்டார்கள், என் இளைப்பைத் துடைக்க நீ யார் என்று மூச்சு வாங்க வாங்கத் திட்டினாள். கணவர் வந்து அடக்க வேண்டியதாயிற்று. பாவம், பையன் நல்லது செய்வதாகத்தான் செய்தான். அவளும்தான் யாருக்கும் தெரியாமல் மறைத்தாள். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று மறைத்ததில் அவள் பாதி செத்துப் பிழைத்தாள். திட்டி முடித்துக் களைத்துப்போய், அவன் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தாள்.

"இனிமே எனக்குப் போட்டுக் காட்டறப்போ எதையும் துடைக்காம போடு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

வீட்டுக்கு வந்த பிறகு டைரக்டர் அம்மா போனில் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. ஒளிபரப்புத் தேதியைத் தள்ள முடியாது, மிச்சமிருந்த இரண்டு கதைகளுக்கு வேறொரு பெண்ணைப் பேச வைத்துவிட்டோம் என்றார். அவள் பயந்தது நடந்தே விட்டது.

"உடம்பு தேறி வாங்க, அது உங்க எலிதான்" என்றார் டைரக்டர். "ஆனா ஒண்ணு. ஆஸ்துமா இருக்குன்னு ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா அந்த வசனத்தை நாலா வெட்டி எடுத்திருப்பேனே. என் கண்ணு முன்னாடி இன்னொரு தரம் அப்படி நடந்தா என்னால தாங்க முடியாது."

அந்தக் கதைகள் ஒளிபரப்பானபோது கணவரும் அவளும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். அங்கங்கே கீச்சல் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மறுநாள் லிஃப்டில் கீழ்வீட்டு வாண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தது.

"சுண்டெலி ஆன்ட்டி, நேத்து நீங்க கப்பல்ல பேசினீங்களே, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுது!"

"அப்படியா கண்ணு" என்றாள். வேறென்ன சொல்வாள்?

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினதும் அழுதாள். "ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரியலைங்க. யாருக்குமே வித்தியாசம் தெரியலை. இதுக்காகவா நான் சாகப் போனேன்?"

"எனக்குத் தெரிஞ்சுதே" என்றார் கணவர்.

"பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு எலிக்கும் பூனைக்குமே வித்தியாசம் தெரியாது. எப்படித் தெரிஞ்சுது?"

"நீ என் பக்கத்துல உக்காந்து மூச்சு விட்டுக்கிட்டிருந்தே. அந்தச் சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு. எலி என்ன பேசுச்சுன்னு யாரு பாத்தா?"

அவள் அவர் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் வேலைக்குத் திரும்பினாள். பழுப்பைக் காலையும் ராத்திரியும் அந்த டப்பாவில் மாட்டி இழுத்தாள், கொப்பளித்தாள். ஆரம்பத்தில் குரல் லேசாகக் கட்டத்தான் செய்தது, பிறகு சரியாகிவிட்டது. தினமும் காலையில் ஒரு குழாயில் பலமாக ஊதி, காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஊதும்போதெல்லாம் கணவர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பார். இழுத்தியா என்று இப்போது அவர் கேட்பதில்லை. அந்தக் கேள்வி நின்றுபோனது அவளுக்கு உறுத்தியது. அதனால் அவர் கேட்காமலே, அவருக்கு எதிரில் நின்று இழுத்தாள்.

பஸ்ஸும் பிள்ளைகளும் இருக்கும் வரைக்கும் சளி வராமல் எங்கே போகும்? மழை தொடங்கினதும் மறுபடி வந்தது. தொண்டை அரித்த அன்றைக்கே டாக்டருக்குப் போன் பண்ணினாள். அவர் சொன்னபடி செய்தாள், நீலத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டாள். குழாயில் ஊதினபோது முள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே நின்றது. மறுநாள் ஒலிப்பதிவு. அவள் ஒலிப்பதிவுப் பையனுக்கு, அதுதான் காதுக்கு, போன் போட்டாள்.

"தம்பி, எனக்குச் சளி பிடிச்சிருக்கு. நெஞ்சுல லேசா விசிலும் இருக்கு. நாளைக்கு நான் வரலை."



"அக்கா, நாளைக்கு எலி பாட்டுப் பாடற கதை. முதல் பாட்டுக்கா. தள்ளிப் போடவும் முடியாது."

எலிக்கு ஒரு பாட்டாவது கொடுங்கள் என்று டைரக்டரிடம் வருஷக்கணக்காக நச்சரித்து வாங்கின பாட்டு அது. மனப்பாடம் பண்ணி, சமையலறையில் பாடிப் பாடிக் கணவர் காதைப் புண்ணாக்கியிருந்தாள்.

"தெரியும்டா" என்றாள். "அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக்கோ. அவ நல்லாத்தான் பாடுவா."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். கணவர் வெந்நீரோடு வந்து நின்றார். அவள் வாய்விட்டு அழுதாள். நன்றாக, ஆசை தீர, நடுவில் எங்கும் நிறுத்தாமல் அழுதாள். வலிக்கத்தான் செய்தது. மூச்சு முட்டவில்லை.